ஆர்வம் வற்றும் நாளுக்கு ஒரு முன்னேற்பாடு

நான் பிசியோதெரபிஸ்ட். என் வேலையில் பாதி, பயிற்சி சொல்லிக் கொடுப்பது. மீதிப் பாதி, அதை ஏன் செய்ய முடியவில்லை என்று வருபவர்கள் சொல்வதைக் கேட்பது.

முதல் நாள் வருபவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவே இருக்காது. முழங்கால் வலியோடு வந்தவருக்கு ஒரு சின்னப் பயிற்சி சொல்வேன். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, இன்னொரு காலை முட்டி மடங்காமல் மெல்லத் தூக்கி, 5 விநாடி நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். காலுக்கு 10 தடவை. எல்லாம் சேர்த்தாலும் சில நிமிடம்தான். “இவ்வளவுதானா டாக்டர்? காலையிலும் சாயங்காலமும் இருபது இருபது செய்துவிடட்டுமா?” என்பார்கள். அப்படிக் கேட்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. மூன்றாவது வாரம் வரும்போது அதே ஆள் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு, “நேரமே கிடைக்கல” என்பார்.

இதைச் சோம்பேறித்தனம் என்று நான் நினைப்பதில்லை. தினமும் நேரத்துக்கு வேலைக்குப் போகிறவர், பில் கட்டும் தேதியை ஒருநாளும் தவறவிடாதவர், இந்தச் சில நிமிடத்தை மட்டும் தவறவிடுகிறார். முதல் நாளின் ஆர்வத்தை எல்லாம் அவர் இருபது தடவை காலைத் தூக்குவதில் செலவழித்துவிட்டார். உடம்பு அலுத்து, மனசும் கடுப்பாக இருக்கப்போகும் ஏதோ ஒரு வியாழக்கிழமைக்கு ஏற்பாடு செய்து வைப்பதில் அதைச் செலவழித்திருக்கலாம். நடையோ, நேரத்துக்குத் தூங்குவதோ, படுக்கையில் ஃபோன் பார்ப்பதை நிறுத்துவதோ, எந்தப் பழக்கத்துக்கும் நான் சொல்வது இதைத்தான்: ஆர்வம் இருக்கும் நாளில் ஏற்பாட்டைச் செய்யுங்கள், வேலையைக் கொஞ்சமாகச் செய்தால் போதும்.

எப்போது, எங்கே என்பதை எழுதி வையுங்கள்

மில்ன், ஆர்பெல், ஷீரன் ஆகிய மூவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 248 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவுக்கு, உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயத்துக்கு என்ன ஆகும், செய்தால் என்ன நன்மை என்று படிக்கக் கொடுத்து ஊக்கப்படுத்தினார்கள். மூன்றாவது குழுவுக்கு அதையும் கொடுத்து, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் 20 நிமிடம் பயிற்சி செய்வீர்கள் என்று எழுதியும் வாங்கினார்கள். அடுத்த வாரம் பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம். ஊக்கம் மட்டும் கிடைத்த குழுவில் 35 சதவீதம். எழுதிக் கொடுத்தவர்களில் 91 சதவீதம்.

ஊக்கம் மட்டும் ஒரு இம்மியும் நகர்த்தவில்லை, பாருங்கள். ஒரே ஒரு தடவை செய்யும் பயிற்சிக்கான கணக்குதான் இது. வாழ்நாள் பழக்கத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் இதே மாதிரியான 94 சோதனைகளை கோல்விட்சர், ஷீரன் இருவரும் 2006-ல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோதும், எப்போது எங்கே எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் நன்றாகவே முந்தியிருந்தார்கள்.

அதனால் என்னிடம் வருபவர்களை இப்போதெல்லாம் ஒரு வரி எழுதவைத்துத்தான் அனுப்புகிறேன். “இன்னது முடித்ததும், இன்ன இடத்தில், இன்னது செய்வேன்.” சும்மா மனசில் நினைத்துக்கொண்டால் போதாது, பேனா எடுத்து எழுத வேண்டும். எழுத உட்காரும்போதுதான் பலருக்கும் அந்த ‘எப்போது’ தங்களிடம் இல்லவே இல்லை என்பது தெரிகிறது.

அந்த “இன்னது முடித்ததும்” என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. “சாயங்காலம்” என்பது சரிப்படாது. சாயங்காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? “வேலை முடிந்து வந்ததும்” என்பதும் கொஞ்சம் சந்தேகம்தான், ஏனென்றால் வந்ததும் யார் என்ன கேட்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. தினமும் தவறாமல் நடப்பதாக, ஒரே இடத்தில் நடப்பதாக, முடிந்துவிட்டது என்று தெளிவாகத் தெரிவதாக இருக்க வேண்டும். பல் துலக்கி வாய் கொப்பளிப்பது, குளித்துத் துவட்டித் துண்டைக் காயப்போடுவது, படுக்கையறை விளக்கை அணைப்பது, வீட்டுக் கதவைப் பூட்டுவது. இவையெல்லாம் புதுப் பழக்கத்தை மாட்டி வைக்க நல்ல கொக்கிகள்.

கொக்கிக்கு முன்னால் மாட்டாமல் பின்னால் மாட்டுங்கள். பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்யும் பழக்கத்தைப் பற்றி 2013-ல் 50 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் பல் துலக்குவதற்கு முன்பும், மற்றவர்கள் துலக்கிய பின்பும் செய்தார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தபோது, பின்பு செய்தவர்களிடம்தான் பழக்கம் வலுவாக ஒட்டியிருந்தது. முடிந்துபோன வேலை அடுத்ததை ஞாபகப்படுத்தும். இனிமேல் நடக்கப்போகும் வேலைக்கு அந்தச் சக்தி கிடையாது.

அளவைக் குறையுங்கள், இன்னும் குறையுங்கள்

ஒவ்வொரு பழக்கத்துக்கும் இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழு அளவு, மற்றது கடைசி அளவு. முழு அளவு 30 நிமிட நடை என்றால், கடைசி அளவு செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்புவது. 10 மணிக்குத் தூக்கம் என்றால், கடைசி அளவு 10 மணிக்கு ஃபோனை வேறு அறையில் வைப்பது; தூக்கம் அது பாட்டுக்கு வரட்டும்.

கடைசி அளவைக் கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும். “இதனால் என்ன பிரயோஜனம்?” என்பார்கள். அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லைதான். ஆனால் கொக்கி அறுந்துபோகாமல் இருக்கிறது. தெருமுனைவரை போனவர்களில் நிறையப் பேர் அங்கேயிருந்து அப்படியே நடையைத் தொடர்வதையும் கேட்டிருக்கிறேன். திரும்பி வந்துவிட்டாலும் குற்றமில்லை, அன்றைய கணக்கில் அது ஒரு முழு நாள்தான். இதில் நேர்மையாக இருங்கள். கடைசி அளவு என்று சொல்லிவிட்டு, அதைச் செய்ததும் “இன்னும் கொஞ்சம்” என்று உங்களை நீங்களே ஏமாற்றினால், அடுத்த தடவை மனசு அந்தச் சின்ன அளவையும் நம்பாது.

பெரிய எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்ற எண், 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ஆராய்ந்து கண்டுபிடித்த எல்லைக்கோடு ஒன்றும் அல்ல. ஐ-மின் லீ குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 72 வயதுள்ள பெண்களில் தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த வழிகாட்டுதலும், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று சொல்லிவிட்டு, பழைய ‘ஒரே மூச்சில் 10 நிமிடமாவது’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. மூன்று நிமிடம் படியேறினாலும் கணக்கில் சேரும்.

ஆர்வம் பொங்கும் நாளில் செய்ய வேண்டியவை

ஒரு சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட அன்றோ, ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த அன்றோ, பழைய சட்டை பொத்தான் போட வராத அன்றோ, நமக்குள் பெரிய வேகம் வரும். அன்று ஒரு மணி நேரம் ஓடாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றி வந்து, செய்ய வேண்டியதைக் கைக்கு எட்டும் இடத்திலும், விட வேண்டியதை எட்டாத இடத்திலும் வையுங்கள்.

நடைக்கான காலணி அலமாரியின் உள்ளே இருந்தால் வெளியே எடுத்து வாசலில் வையுங்கள், உள்ளே காலுறையையும் சுருட்டி வையுங்கள். ஒரு ஜோடி காலுறையைத் தேடும் நேரத்தில் நடையையே கைவிட்டவர்கள் உண்டு. நீட்டிப் பயிற்சிக்கு நான் கொடுக்கும் ரப்பர் பட்டையை இழுப்பறையில் வைக்க விடமாட்டேன். தினமும் தொடுகிற கதவின் கைப்பிடியில் மாட்டச் சொல்வேன். பார்க்க நன்றாக இல்லை என்று எடுத்து உள்ளே வைத்தவர்கள் பெரும்பாலும் திரும்ப வெளியே எடுப்பதில்லை. மேஜையில் தண்ணீர் குடுவை, நிரப்பியபடி. இதெல்லாம் அற்பமான விஷயமாகத் தோன்றும். கடுப்பான வியாழக்கிழமையன்று தீர்மானிப்பது இந்த அற்பங்கள்தான்.

தூக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கட்டிலில் படுத்தபடி ஃபோனைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். மன உறுதியால் இதை ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. ஜெயித்தவர்கள் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியவர்கள். உடனே வரும் ஆட்சேபம், “அலாரம் ஃபோனில்தானே இருக்கு?” என்பது. அலாரத்துக்கு என்று ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கி வைத்தால் அந்தச் சாக்கும் போய்விடும். கூடத்தில் சார்ஜ் ஏறும் ஃபோனுக்காக, போர்வையை விலக்கி எழுந்து போக வேண்டும். அந்தப் பத்தடி தூரம் போதும்.

இரண்டாவது வாரத்துக்குப் பிறகு

வேகம் அடங்கும். கட்டாயம் அடங்கும். புதுமை தீர்ந்துவிட்டது, பலனோ இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. பெரும்பாலோர் கைவிடும் இடம் இதுதான். இங்கே ‘21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்ற நம்பிக்கை பெரிய கெடுதல் செய்கிறது. 22-வது நாளும் கஷ்டமாகவே இருந்தால், நம்மிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த 21, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக ‘குறைந்தது’ 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். உடற்பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் ‘குறைந்தது’ம் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

நிஜமாக அளந்து பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த ஃபிலிப்பா லாலி. 2009-ல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், 96 பேர் தங்களுக்குப் பிடித்த ஒரு சின்னப் பழக்கத்தை 12 வாரம் கடைப்பிடித்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆனால் ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள்வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டிய நாள்கள், அதுவரை கிடைத்த அளவுகளை வைத்துக் கணக்கிட்ட மதிப்பீடு). தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. ஆகவே மூன்று மாதம் என்று மனசில் போட்டுக்கொள்ளுங்கள். முன்னாலேயே படிந்துவிட்டால் லாபம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். விட்ட ஒரு நாள் யாரையும் கெடுப்பதில்லை. “விட்டாச்சு, இனிமே அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்று நினைப்பதுதான் ஆளைக் கெடுக்கிறது. விட்ட மறுநாள் கடைசி அளவை மட்டும் செய்யுங்கள். முழு அளவுகூட வேண்டாம்.

விட்டதை ஈடுகட்டும் வேலையே கூடாது. என் தொழிலில் இதை வாராவாரம் பார்க்கிறேன். மூன்று நாள் பயிற்சியை விட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியில் ஞாயிற்றுக்கிழமை மூன்று நாள் பங்கையும் சேர்த்துச் செய்வார்கள். திங்கட்கிழமை முழங்கால் வீங்கி என் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் ஒரு வாரம் ஓய்வு, மறுபடி முதலிலிருந்து. தசைக்கு பாக்கிக் கணக்கு தெரியாது.

குறித்து வைப்பது பற்றி

சுவர் காலண்டரில் செய்த நாளுக்கு ஒரு டிக் போடுங்கள். செய்யாத நாளுக்குப் பெருக்கல் குறி போடாதீர்கள், வெறுமனே விட்டுவிடுங்கள். தொடர் நாள்களை எண்ணும் ஃபோன் செயலிகள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நாற்பது நாள் செய்தவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது என்ன நியாயம்? சிலருக்கு அது உதவலாம், உதவினால் வைத்துக்கொள்ளுங்கள்.

காலண்டரின் வெற்றுக் கட்டங்களில்தான் சேதி இருக்கிறது. மாதக் கடைசியில் பாருங்கள். செவ்வாய்க்கிழமைகளாகவே காலியாக இருந்தால், செவ்வாயன்று உங்கள் கொக்கி இல்லை என்று அர்த்தம். அன்று சீக்கிரம் கிளம்புகிறீர்களா? யாரையாவது கூட்டி வரப் போகிறீர்களா? அந்த நாளுக்கு மட்டும் வேறு கொக்கி எழுதுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலி என்றால் அளவு பெரிதாக இருக்கிறது, குறையுங்கள். வரிசையாக ஒரு வாரம் காலி என்றால் பயணமோ விருந்தினரோ வந்திருக்கும். அது தானாகச் சரியாகாது. மறுபடி தொடங்கும் நாளைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாளுக்கு அடுத்த நாள் போன்ற தேதிகளில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருபவர்கள் கூடுகிறார்கள் என்று 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. மனசு அப்படித்தான் என்றால் நாமும் அதைப் பயன்படுத்திக்கொள்வோமே.

பலனை அளப்பதிலும் கவனம் வேண்டும். எடைக் கருவியில் தினமும் ஏறி நிற்காதீர்கள். உடம்பில் இருக்கும் நீரைப் பொறுத்தே அது நாளுக்கு நாள் ஏறி இறங்கும், வீணாக மனசைக் கெடுக்கும். நான் சொல்லும் அளவு ஒன்று உண்டு. சுவரை ஒட்டிய, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். நாங்களும் வயதானவர்களின் கால் பலத்தைச் சோதிக்க இதைத்தான் பயன்படுத்துகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். தள்ளாட்டம் இருப்பவர்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்ய வேண்டாம். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தோள்பட்டை இறுகி, தலை வாரக்கூட கை எழாமல் ஒரு பெண்மணி வந்தார். சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறும் பயிற்சி சொன்னேன். குளித்துவிட்டு வந்ததும், குளியலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் செய்வதாக எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு. முதல் கோடு அவருடைய தாடை உயரத்தில். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து முணுமுணுத்ததும், செங்குத்தாகக் காகித டேப் ஒட்டி அதன்மேல் கோடு போட ஆரம்பித்தார். நடுவில் ஒரு வாரக் கோடு முந்தைய வாரக் கோட்டுக்குக் கீழேயே விழுந்துவிட்டது. மனசு விட்டுப்போய், டேப்பைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். படத்தில் அந்த இரண்டு கோட்டையும் விரலால் மறைத்துவிட்டு மீதியைப் பார்க்கச் சொன்னேன். முதல் கோட்டுக்கும் கடைசிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

கூட இருப்பவர்களும், பிடித்த விஷயங்களும்

வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் “செஞ்சியா, செஞ்சியா?” என்று கேட்கும் காவலர் வேலையை யாருக்கும் கொடுக்காதீர்கள். இரண்டே நாளில் பழக்கத்தின் மேலும் வெறுப்பு வரும், கேட்பவர் மேலும் வெறுப்பு வரும். கூடவே நடக்க வருகிறவர் இருந்தால் நல்லது. வராவிட்டால், உங்கள் நேரத்தில் வேறு வேலை சொல்லாமல் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடித்த ஒன்றைப் பயிற்சியோடு கட்டிப்போடுவதும் உதவும். கேட்டி மில்க்மன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட சோதனையில், விறுவிறுப்பான ஒலி நாவல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும்படி செய்தார்கள். தொடக்கத்தில் அந்தக் குழு மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாகக் கூடத்துக்கு வந்தது. இடையில் வந்த விடுமுறைக்குப் பிறகு வித்தியாசம் கரைந்துபோனது. நடக்கும்போது மட்டும் கேட்கும் தொடர்கதை, கால் நீட்டும்போது மட்டும் கேட்கும் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்ததும் புதுக் கதை ஒன்றோடு தொடங்குங்கள்.

ஒன்று மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலுமே நாட்டமில்லை, முன்பு பிடித்ததும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால், இந்தக் கொக்கியும் காலண்டரும் அதற்கு மருந்தாகாது. மனநல மருத்துவரையோ குடும்ப மருத்துவரையோ பாருங்கள்.

இரண்டாவது பழக்கத்தை எப்போது சேர்க்கலாம் என்று கேட்பார்கள். முதலாவதைச் செய்யாமல் படுத்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறதா? அப்போது சேர்க்கலாம். முதலாவதையே கொக்கியாக வைத்து, “நடந்து வந்து காலணியைக் கழற்றியதும்” என்று அடுத்த வரியை எழுதுங்கள். அதற்கும் ஒரு கடைசி அளவு வேண்டும்.